கயிற்றின் அந்தப் பக்கம்

— பார்த்து வா குட்டி, வாசப்படி. பின்னால பெஞ்சு இருக்கு. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... ம், அங்கதான். சுவர் ஈரமா இருக்கு, சாயாதே.

— அக்கா, முதல்ல நீ உக்காரு. உனக்கு இன்னும் மூச்சு அடங்கல.

— ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடிட்டு வந்தா மூச்சு வாங்காம பாட்டா வரும்? அதை விடு. அந்த நடுவர் முகத்தைப் பார்த்தியா? சரி, நீ எங்க பார்த்திருப்பே. எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி வெச்சிருந்தார்.

— குரல்லயே தெரிஞ்சுது. 'உள்ள உக்காருங்க, வந்து பேசறேன்'னார். ஜெயிச்சவங்ககிட்ட யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.

— ஜெயிச்சோமே! அந்த மஞ்சச் சட்டைக்காரி முதல்ல, நாம ரெண்டாவது. முதல் நாலு பேருக்கு நாளைக்கு இறுதி ஓட்டம்னு காலையில மைக்குலயே சொன்னாங்க. அதுல தேறினா நாட்டு அணி. இதுல உக்கார வெச்சுப் பேசறதுக்கு என்ன இருக்கு?

— கயிறுன்னு யாரோ பேசிக்கிட்டாங்க.

— கயித்துக்கு என்ன வந்தது? நானே பின்னின கயிறு. உன் கைக்கு ஒரு வளையம், என் கைக்கு ஒரு வளையம், நடுவுல ஒரு சாண். கண்ணு தெரியாத பொண்ணும் கண்ணு தெரிஞ்ச பொண்ணும் சேர்ந்து ஓடறதுக்கு அவங்க புத்தகத்துல சொன்ன மாதிரியேதான் பின்னியிருக்கேன். நேத்துகூட சோப்பு போட்டு அலசிக் காய வெச்சேன்.

— கயிறு அழுக்கா இருக்குன்னு புகார் பண்ணியிருக்க மாட்டாங்க அக்கா.

— உனக்கு எதுலயும் கிண்டல். கடவுளே, இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராமப் பார்த்துக்கப்பா. வேற ஒன்னும் நான் கேக்கல.

— அக்கா.

— என்னடி?

— கடைசி வளைவு உனக்கு ஞாபகம் இருக்கா?

— ஏன் கேக்கறே?

— சும்மாதான்.

— கடைசிச் சுத்துக்கு மணி அடிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் கோட்டைத் தாண்டினது ஞாபகம் இருக்கு. நடுவுல... ஓட்டத்துல யாருக்கு என்ன நினைப்பிருக்கும்? ஏன், வளைவு வருதுன்னு நான் சொன்னேனில்ல?

— சொன்னே.

— சத்தமா?

— காது கிழிஞ்சுபோச்சு.

— அப்ப சரி. அது போதும்.

— மேல என்ன சத்தம்? தடதடன்னு.

— நாம இருக்கறது ஜனங்க உக்கார்ற படிக்கட்டுக்கு நேர் கீழதான்டி. அடுத்த ஓட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க. இந்த ரூம்ல ஒரு இரும்பு பீரோ, ஒரு மேஜை, ஐஸ் போட்ட ஒரு வாளி, கழுத்து ஆடற ஒரு விசிறி. ஜன்னல் வழியா பார்த்தா நம்ம பயிற்சியாளர் தெரியறார். யார்கூட நிக்கறார்னு சொல்லு பார்ப்போம்.

— நெட்டச்சி.

— அவளேதான். கொக்கு மாதிரி நிக்கறா. மாத்து வழிகாட்டின்னு அவ பேரையும் எழுதிக் குடுத்துட்டாரில்ல, அந்த தைரியம். எனக்கு ஒரு சுளுக்கு வரட்டும்னு காத்துக்கிட்டிருக்கா.

— அவ அப்படிப்பட்டவ இல்ல அக்கா. நல்லா ஓடுவா.

— அவ ஓட்டத்தை நான் குறை சொல்லல. குதிரைதான். ஆனா அவரு உன்கிட்ட வந்து 'வழிகாட்டியை மாத்திக்கலாமா'ன்னு கேட்டப்போ, 'எங்க அக்கா இல்லாம நான் கோட்டுலயே நிக்க மாட்டேன்'னு சொன்னியாமே! அதைக் கேட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. உங்க மாமாகூட, 'ரெண்டு பிள்ளை பெத்தவ அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓடறா, அதுக்கு ஒரு ஆனந்தக் கண்ணீர் வேற'ன்னார்.

— மாமா வாயைத் திறந்தா நாளைக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்துச் சொல்லிடுவார்.

— அவர் என்னமோ சொல்லட்டும். உனக்குத் தெரியாது குட்டி. வீட்டுல நான் ஒருத்திக்கு மருமக, ஒருத்தருக்குப் பொண்டாட்டி, ரெண்டு பேருக்கு அம்மா. பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட நான் 'மாடி வீட்டு அம்மா'தான். இந்தக் கயித்தை மாட்டிக்கிட்டு கோட்டுல நின்னா மட்டும்தான், மைக்குல உன் பேரைச் சொல்லிட்டு, 'வழிகாட்டி'ன்னு என் பேரையும் சொல்றாங்க. முழுப் பேர். அப்பா பேரோட. வருஷத்துல ரெண்டு தடவையோ மூணு தடவையோ. அது எனக்குப் போதும்டி.

— தெரியும் அக்கா.

— என்ன தெரியும் உனக்கு? மூக்கை உறிஞ்சாதே. வர்றார் பாரு.

— உள்ள வரலாமாம்மா?

— வாங்கய்யா, இது உங்க ரூம்தானே. குட்டி, நடுவர் வந்திருக்கார், எந்திரி.

— வேணாம்மா, ரெண்டு பேரும் உக்காருங்க. பாருங்கம்மா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. அஞ்சாவதா வந்தவங்க குடுத்திருக்காங்க. கடைசி வளைவுல உங்க கயிறு விறைப்பா இருந்துச்சாம்.

— விறைப்பான்னா?

— இழுபட்டு நின்னுச்சாம். வழிகாட்டி, ஓடறவங்களை இழுத்துக்கிட்டுப் போனா மட்டும்தான் அப்படி நிக்கும்ங்கறாங்க.

— கண்ணால பார்த்தது யாரு?

— வளைவுல கொடியோட ஒரு பொண்ணு நின்னா இல்லையா, எங்க ஆளு. அவகிட்ட கேட்டேன். அவ உங்களை நேர் முன்னாலேர்ந்து பார்த்திருக்கா. கயிறு விறைச்சது நிஜம்னு சொல்றா. உங்க ரெண்டு பேர்ல யாரு ஒரு அடி முன்ன, யாரு ஒரு அடி பின்னன்னு அவளுக்குச் சரியாத் தெரியல. பொய் சொல்ற பொண்ணு இல்ல.

— ஐயா, நான் கூட ஓடறதே ஒத்தாசைக்குத்தானே? இதுல இழுத்தா என்ன, தள்ளினா என்ன? எல்லாம் உதவிதானே?

— அங்கதான்மா சிக்கல். விதிப் புத்தகத்துல இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை போட்டிருக்கான். வழிகாட்டி 'சப்போர்ட்' பண்ணலாம். 'அசிஸ்ட்' பண்ணக் கூடாது.

— ரெண்டும் ஒன்னு இல்லையா?

— அகராதியைப் புரட்டினா ரெண்டுக்கும் உதவின்னுதான் போட்டிருக்கும். மைதானத்துல வேற வேற. பக்கத்துல ஓடறீங்க, வளைவு வருதுன்னு சொல்றீங்க, அவங்க வேகத்துக்கு உங்க காலை வெச்சுக்கறீங்க. ஓடற வேலை மட்டும் அவங்களோடதாவே இருக்கு. அது சப்போர்ட். அவங்க கால் செய்ய வேண்டியதை உங்க கை செஞ்சுட்டா, அது அசிஸ்ட்.

— ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் கயிறுதான் போலிருக்கு.

— சரியாச் சொன்னீங்கம்மா. கயிறு தொங்கினா ஒன்னு. விறைச்சா இன்னொன்னு. தங்கச்சி வெடுக்குனு பேசறாங்களே!

— அவ அப்படித்தான்யா, வாய் மட்டும் நல்லா ஓடும். நாலு வயசுல காய்ச்சல் வந்து கண்ணு போனதுலேர்ந்து இவளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அலைஞ்சவ நான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், எல்லா இடத்துக்கும் தரதரன்னு...

— அக்கா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு. அவர் புகாரை விசாரிக்கிறார்.

— ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலைய்யா.

— புரியுதும்மா. நான் கேக்கறது ஒன்னே ஒன்னு. கடைசி வளைவுல நீங்க இழுத்தீங்களா?

— ஐயா...

— யோசிச்சே சொல்லுங்க. இழுத்தேன்னு சொன்னா நீக்கம்தான். வேற வழி இல்ல. இழுக்கலன்னு சொன்னா, அந்தக் கொடிப் பொண்ணு சொன்னதையும் நீங்க சொல்றதையும் வெச்சு நான் ஒரு முடிவு பண்ணணும். உங்க முகத்தைப் பார்த்தா நெஞ்சறிஞ்சு பொய் சொல்றவங்களா எனக்குத் தோணல.

— எனக்கு... எனக்கு ஞாபகம் இல்லைய்யா.

— இல்லவே இல்லையா?

— மணி அடிச்சதுக்கப்புறம் எல்லாம் புகையா இருக்கு. சின்ன வயசுலேர்ந்து இழுத்துப் பழகின கை. பதட்டத்துல இழுத்திருந்தாலும் இழுத்திருக்கும். இல்லாமயும் இருக்கும். நான் எப்படிச் சத்தியம் பண்ணுவேன்?

— அக்கா, நீ இழுக்கல. நான் சொல்றேன்.

— நீ எனக்காகச் சொல்வே குட்டி. உன் சொல்லை யாரு எடுத்துப்பாங்க? ஐயா, தொண்டை காயுது. வெளிய போயி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.

— தண்ணி இங்கயே இருக்கேம்மா.

— காத்தாட ஒரு நிமிஷம் நின்னுட்டு வர்றேன்யா. குட்டி, நீ இங்கயே இரு. எந்திரிக்காதே, காலுக்குக் கீழ விசிறி ஒயர் கிடக்கு.

— போங்கம்மா, நான் இருக்கேன்.

— ஐயா.

— சொல்லுங்கம்மா.

— கதவு சாத்தியிருக்கா?

— சாத்திட்டுத்தான் போனாங்க.

— நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.

— பார்த்துட்டேன். யாரும் இல்ல.

— கயிறு விறைச்சது நிஜம். இழுத்தது எங்க அக்கா இல்ல. நான்.

— நீங்களா? நீங்க எப்படிம்மா... உங்களுக்கு வழி காட்டறதே அவங்கதானே?

— இதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. கண்ணு இருக்கறவ இழுப்பா, இல்லாதவ வருவா. அக்காகூட அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கா. பாவம், தான்தான் இழுத்துட்டோமோன்னு வெளிய நின்னு தவிச்சுக்கிட்டிருக்கா.

— நீங்கதான்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?

— அவ என் வலது பக்கம் ஓடுவா. அவ கால் விழற சத்தம் என் கால் சத்தத்தோட ஒட்டியே இருக்கும். ரெண்டு பேர் ஓடறது ஒருத்தர் ஓடற மாதிரிதான் கேக்கும். மணி அடிச்சதுக்கப்புறம் அந்தச் சத்தம் என் தோளுக்குப் பின்னால போச்சு. மூச்சும் பின்னால போச்சு. ஓடறப்போ அவ வாய் ஓயாம பேசிக்கிட்டே வருவா. நேர், நேர், வளைவு, குட்டி விடாதே, அப்படின்னு. கடைசி வளைவுல ஒரு சொல்லு வரல.

— அப்புறம் எப்படி வளைவுல திரும்பினீங்க?

— வெயில் கன்னத்துல அடிச்சுக்கிட்டிருந்தது, மெல்லப் பிடரிக்குப் போச்சு. கால் பழகின வழிதானே. இவ விழுந்துடுவாளோன்னுதான் எனக்குப் பயம். அதான் கையை விடாம இழுத்துக்கிட்டே வந்து கோட்டுல சேர்த்தேன்.

— நான் இப்படி ஒன்னு கேட்டதே இல்லம்மா.

— உங்க புத்தகத்துல, ஓடறவ வழிகாட்டியை இழுக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?

— இல்ல. எழுதினவனுக்கு அப்படித் தோணியிருக்காது.

— அப்ப நான் தப்பு பண்ணல.

— விதிப்படி இல்ல.

— 'விதிப்படி'ன்னு ஏன் இழுக்கறீங்க?

— எத்தனை நாளா இது நடக்குது?

— மழைக்கு முந்தியே ஆரம்பிச்சுது. முதல்ல, படியேறினா அவளுக்கு மூச்சு வாங்கும். அப்புறம் பயிற்சியில கடைசிச் சுத்துல பின்தங்குவா. நான் வயித்து வலின்னு சொல்லி வேகத்தைக் குறைச்சுடுவேன். பயிற்சியாளர் என்னைத்தான் திட்டுவார். திட்டினா திட்டட்டும்.

— அவங்களுக்குப் பதிலா வேற ஆள் வெச்சுக்கலாமேன்னு...

— ஐயா, உங்க மைக்குல எங்க அக்கா பேரைச் சொல்றப்போ அவ கை எப்படி நடுங்கும்னு எனக்குத் தெரியும். கயிறு வழியா எனக்கு வரும். அதை நான் எப்படிப் பறிப்பேன்? இவ்வளவு காலம் என்னைத் தூக்கிச் சுமந்தவ. கொஞ்ச காலம் நான் சுமந்தா என்ன?

— நாளைக்கு இறுதி ஓட்டம். இதைவிட வேகம் வேணும். நாளைக்கும் இழுப்பீங்களா?

— இழுப்பேன்.

— அந்த வேகத்துல அவங்க விழுந்தா?

— விழ விட மாட்டேன்.

— பாருங்கம்மா, புத்தி சொல்ல வரல. என் சம்சாரத்துக்குக் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. அதனால காபியை நானே அவ வாயில வெச்சுக் குடிக்க வெச்சேன். எவ்வளவு நல்ல புருஷன்னு எனக்கே என் மேல ஒரு மதிப்பு. ஒருநாள் அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. 'கொட்டினாலும் நானே குடிக்கிறேன். நீங்க துணியோட பக்கத்துல நில்லுங்க, அது போதும்'னா. இப்ப மேஜையெல்லாம் கறை. ஆனா அவ சிரிக்கிறா.

— நீங்க சொன்ன ரெண்டு வார்த்தை.

— ஆமாம்மா. இத்தனை வருஷம் அதை வழிகாட்டிகளுக்குத்தான் படிச்சுக் காட்டினேன். ஓடறவங்களுக்கும் படிக்கணும்னு தோணல.

— நான் அக்காவுக்குப் பண்றது துணியோட நிக்கறது இல்ல. டம்ளரைப் பிடுங்கிக்கறது. அதானே சொல்றீங்க?

— அதை நான் சொல்லக் கூடாது. உங்களுக்கே தெரியணும்.

— தெரியுது. தெரிஞ்சும் என் வாயால அவகிட்ட எப்படிச் சொல்லுவேன், 'உன்னால முடியல'ன்னு? கேளுங்கய்யா, நான் உங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். முடிவை எழுதிக்குங்க. அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— புகார் தள்ளுபடின்னு எழுதறேன். காரணத்தை மைக்குல படிக்க மாட்டோம். ஆனா அவங்க நேரா என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்மா.

— கேக்காம இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுக்கறேன்.

— கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற பழக்கம் எனக்கும் இல்ல. கண்ணைத் துடைச்சுக்குங்க. கதவுப் பக்கம் ஆள் சத்தம் கேக்குது.

— ரெண்டு பேரோட கால் சத்தம் கேக்குது. ஒன்னு அக்கா. இன்னொன்னு யாரு?

— ஐயா, வந்துட்டேன். கொஞ்சம் நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கணும். உள்ள வாம்மா, ஏன் வாசல்லயே நிக்கறே? தலையை மட்டும் குனிஞ்சு வா, உன் உசரத்துக்கு நிலை இடிக்கும்.

— அக்கா, கூட யாரு?

— இருடி, சொல்றேன். ஐயா, முடிவு பண்ணிட்டீங்களா?

— பண்ணிட்டேன்மா. புகார் தள்ளுபடி. உங்க தங்கச்சி நாளைக்கு ஓடறாங்க. நீங்க எந்தத் தப்பும் பண்ணல.

— கடவுள் இருக்கார். ரொம்ப நன்றிங்கய்யா. காரணத்தை நான் கேக்கல. நாளைக்கு ஓடறவங்க பேர், கூட ஓடறவங்க பேர் எல்லாம் சாயங்காலத்துக்குள்ள ஒட்டணும்னு காலையில சொன்னாங்களே?

— ஆமாம்மா.

— அதுல ஒரு பேரை மாத்தி எழுதிக்குங்க. மாத்து வழிகாட்டி பேரு ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு. இதோ ஆளே வந்திருக்கா.

— அக்கா! என்ன பேசறே நீ? புகார்தான் போயிடுச்சே!

— போயிடுச்சு, சந்தோஷம். நீ உன் கையை நீட்டு. ம். ஏம்மா, நெட்டச்சின்னு உன்னைக் கூப்பிட்டிருக்கேன், மனசுல வெச்சுக்காதே. நீயும் கையை நீட்டு. இந்த வளையம் உனக்கு. கொஞ்சம் இறுக்கமா இருக்கும், என் கைக்குப் பின்னினது. ரெண்டு நாள்ல இளகிடும். இவ வலது பக்கமே ஓடு. வளைவு வந்தப்புறம் சொல்லாதே, வர்றதுக்கு முன்னாலயே சொல்லிடு. வாயை மட்டும் நிறுத்தாதே. நீ பேச்சை நிறுத்திட்டா இவ பயப்பட மாட்டா, ஆனா தனியாயிடுவா.

— அக்கா, எனக்கு நீதான் வேணும். உன் பேரை மைக்குல...

— நாளைக்கு இந்தப் பொண்ணு பேரைச் சொல்லட்டும். அவளுக்கும் ஒரு அப்பா இருப்பாரில்ல, அவர் பேரும் காத்துல வரட்டுமே. நான் எங்க போயிடப் போறேன்? கோட்டுக்கு அந்தப் பக்கம் துண்டோட நிப்பேன். ஓடி முடிச்சு நீ வந்து என் மேல விழு, துடைச்சு விடறேன். ஐயா, அதுக்கு உங்க புத்தகத்துல தடை ஒன்னும் இல்லையே?

— இல்லம்மா. அதுக்கு ஒரு தடையும் இல்ல.

— ஏன் அக்கா இப்படிப் பண்றே? உனக்கு எதுவும் ஞாபகமே இல்லைன்னியே. நான் சொல்றேன், சத்தியமாச் சொல்றேன், நீ இழுக்கவே இல்ல.

— பைத்தியக்காரி, மழைக்கு முந்தியிலேர்ந்து கயித்தோட அந்தப் பக்கம் இருந்தது என் கைதானேடி, யாரு யாரை இழுத்தான்னு எனக்குத் தெரியாதா?